பிப்ரவரி முதல் தேதி வரை

மார்லோ, மிசிசிபி
செப்டம்பர் 12, 1988

அன்புள்ள ஹோசியா அண்ணாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் நலம். படியேறும்போது முழங்கால் மட்டும் முறையிடுகிறது. உங்கள் உடம்பு எப்படி? அண்ணி போன பிறகு நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. காது கேட்கிறவராக இருந்தால் போன் செய்திருப்பேன். இதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நம் லான்சோ ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம், குடித்துவிட்டு வண்டி ஓட்டியிருக்கிறான். கெளுத்தி மீன் ஆலையில் வேலை முடிந்து சாலையோரமாக நடந்து வந்த ஒரு பெண்ணின் மேல் ஏற்றிவிட்டான். பெயர் ராஸ்லின் ஸ்பைவி. பத்தொன்பது வயது. அங்கேயே உயிர் போய்விட்டது. அவன் ஓடவில்லை. அவளுடைய ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடுச்சாலையில் உட்கார்ந்திருந்தானாம். ஷெரிப் ஆட்கள் வந்து தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது.

பதினேழு வருடமாகக் கட்டணம் வாங்கி ஜாமீன் போடும் ஆபீஸ் நடத்துகிறேன். கோர்ட்டுக்கு நான் எழுதிக் கொடுப்பது ஒரே வரிதான்: இவர் வாய்தாவுக்கு வருவார், வராவிட்டால் பணத்துக்கு நான் பொறுப்பு. முதல் நாளே எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். சொந்த ரத்தத்துக்குக் கையெழுத்துப் போடுவதில்லை. அந்த விதியை அந்த வாரமே மீறிவிட்டேன், அண்ணா. குடி நின்றுபோனதில் அவனுக்கு உடம்பெல்லாம் உதறல். தண்ணீர்க் குவளை பல்லில் பட்டுக் கடகடவென்று அடித்துக்கொண்டது. டாக்டரைக் கூப்பிடச் சொன்னால், சிறைக் காவலர், “தானா சரியாயிடும் மிஸ் வெர்டெல், ரெண்டு நாள் ஆடுவான், அப்புறம் அடங்குவான்” என்கிறார். லான்சோ என்னிடம், “அக்கா, என்னை எடுக்காத. நான் இங்கயே கெடக்குறேன்” என்றான். எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஆபீஸ் கதவைத் திறக்கும்போதே கறுப்பு உடுப்பில் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

“நீங்கதான் மிஸ் வெர்டெல்லா?”

“ஆமாம்மா. உள்ள வாங்க, உட்காருங்க.”

“உட்கார வரலை. எம் பொண்ணை மண்ணுல வச்சு ஒரு வாரம்கூட ஆகலை. அவளைக் கொன்னவன் நேத்து கடைத்தெருவுல நடந்து போறான். கதவைத் தொறந்துவிட்டது நீங்களாமே. எவ்வளவு வாங்குனீங்க?”

அவள்தான் ஆர்நெட்டா ஸ்பைவி. பக்கத்து ஊர்க்காரி என்பதால் அவன் என் தம்பி என்பது அவளுக்குத் தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நவம்பர் பதினான்கு வாய்தா. உங்கள் ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணின் வீட்டாரையும்.

அன்புடன்,
வெர்டெல்

*

மில்வாக்கி
செப்டம்பர் 29, 1988

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் வந்தது. நான் இருக்கிறேன். காதுக்குள், வேலை பார்த்த பவுண்டரியின் இரைச்சல் மட்டும் இன்னும் நிற்கவில்லை. மற்ற எந்தச் சத்தமும் இல்லை. உன் முழங்காலுக்குக் கற்பூரத் தைலம் தேய்.

இரண்டு நாள் ரொட்டி இறங்கவில்லை. அந்தப் பெண்ணை நினைத்தும்தான், நம் பையனை நினைத்தும்தான். அவனுக்கு இப்போது முப்பத்தெட்டு வயதானாலும், அம்மா சாகும்போது என் கையில் பிடித்துக் கொடுத்தது அவனைத்தான். உன்னை இல்லை, அவனை.

நீ அவனை வெளியே எடுத்தது நல்லது. அதற்கு நன்றி. ஆனால் உன் தொழிலைப் பற்றி நான் நினைப்பதை நீ அறிவாய். அப்பாவை வேலையில்லாமல் சுற்றினான் என்று பிடித்துப் போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? நீ கைக்குழந்தை. ஒரு பண்ணைக்காரன் வந்து ஜாமீன் போட்டு எடுத்தான். அந்த ஜாமீனுக்காக அப்பா அவன் காட்டில் இரண்டு பருவம் பருத்தி எடுத்தார். திரும்பி வந்தபோது என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மனிதர்களின் விடுதலையை விற்கிற கடை உன்னுடையது. இந்த மாநிலத்தில் அந்தத் தொழிலையே சட்டம் போட்டு மூடிவிட்டார்கள். உன்னைப் போன்றவர்கள் இங்கே வந்து யார் மேலும் கை வைக்க முடியாது.

கோபித்துக்கொள்ளாதே. பெரியவன் சொல்கிறேன். லான்சோவுக்கு என் அன்பைச் சொல். என் முகவரி அவனிடம் இருக்கிறதா?

உன் அண்ணன்,
ஹோசியா

*

மார்லோ
அக்டோபர் 23, 1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். தைலம் தேய்க்கிறேன். ஆபீஸ் முழுவதும் அந்த வாசனைதான். வருகிறவர்கள் எல்லாம் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு மெல்லப் பேசுகிறார்கள்.

அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதை மறக்கவில்லை. அதை நினைத்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. எனக்கு முன்னால் இங்கே ஜாமீன் போட்டவர் சிறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அழுகிற பெண்களிடம் பேரம் பேசுவார். நான் ஒருநாளும் சிறை வாசலில் நின்று ஆள் பிடித்ததில்லை. வாய்தாவுக்கு முதல் நாள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போய் நினைவுபடுத்துகிறேன். சட்டை இல்லாதவனுக்குச் சட்டை கொண்டுபோகிறேன். ஓடிப்போனவர்களில் அறுபத்தொரு பேரைத் தேடிப் போய்க் கூட்டி வந்திருக்கிறேன். கையில் துப்பாக்கி வைத்துக்கொண்டதில்லை. பட்டப்பகலில் வாசல் கதவைத் தட்டி, முதலில் சாப்பிடச் சொல்லி, சாப்பிட்டு முடித்த பிறகுதான் வண்டியில் ஏற்றுவேன். ஒருவருக்கும் கீறல் விழுந்ததில்லை.

சபையில் ஆராதனை நேரத்தில் வீசிக்கொள்ள அட்டை விசிறி அச்சடித்தார்கள். பின்பக்கத்தில் விளம்பரம் போடச் சவ அடக்கம் நடத்துபவரைக் கேட்டார்கள், என்னைக் கேட்கவில்லை. போதகரிடமே கேட்டேன். “சகோதரி, மனசுல வச்சுக்காதீங்க. சாவு எல்லாருக்கும் வரும். ஜெயில் அப்படியில்லையே” என்றார். அவர் மகனுக்கு நான் மார்ச்சில் ஜாமீன் போட்டதை அவர் மறந்துவிட்டார். நான் சொல்லிக் காட்டவில்லை.

லான்சோ குடிக்கவில்லை. திங்கட்கிழமைதோறும் மற்றவர்களைப் போல வரிசையில் நின்று என் நோட்டில் கையெழுத்துப் போடுகிறான். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்கிறான்.

மிசஸ் ஸ்பைவி மறுபடி வந்தாள். இந்த முறை உட்கார்ந்தாள். யாரோ சொல்லி அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“உங்க தம்பியாமே. அன்னிக்கே சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கணும்மா.”

“அவன் தூக்குல தொங்கணும்னு நான் கேக்கலை. எத்தனை வருஷம் போட்டாலும் எம் பொண்ணு வரப்போறதில்ல. அவன் எல்லாரும் பாக்க எந்திரிச்சு நின்னு, அவ பேரைச் சொல்லி, நான்தான் செஞ்சேன்னு சொல்லணும். அது போதும் எனக்கு. கூட்டி வந்துருவீங்கல்ல?”

“கூட்டி வந்துருவேம்மா” என்றேன். இதுவரை நான் சொல்லி நடக்காமல் போனதில்லை.

அன்புடன்,
வெர்டெல்

*

மார்லோ
நவம்பர் 15, 1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

லான்சோ நேற்று வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து என் வீட்டில் பட்டர்பீன்ஸும் கோழியும் சாப்பிட்டான். வெள்ளைச் சட்டையை நானே பெட்டி போட்டுக் கொடுத்தேன். காலையில் கூப்பிடப் போனால் கதவு திறந்து கிடக்கிறது. சட்டை கட்டில் மேல் மடித்தபடி இருக்கிறது.

கோர்ட் சேவகர் வாசலில் போய் நின்று “அலான்சோ டாலிவர்” என்று மூன்று முறை கூப்பிட்டார். மூன்றாவது முறையோடு நான் எழுந்து நின்றேன். இதுவரை எத்தனையோ தடவை எழுந்து நின்றிருக்கிறேன். சொந்தத் தம்பிக்காக நின்றது நேற்றுதான். மிசஸ் ஸ்பைவி முன்வரிசையில் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

முடிவெட்டும் கடையில் பேச்சு: “அவளே பஸ் ஏத்தி விட்டிருப்பா. ஜாமீன்காரிக்குத் தெரியாத சந்துபொந்தா?” ஷெரிப் ஆபீஸில் ஒருவன் என் முகத்துக்கு நேராகவே சிரித்தான்: “என்ன மிஸ் வெர்டெல், அறுபத்தொண்ணு பிடிச்சீங்க, வீட்டுக்குள்ள இருந்தவனை விட்டுட்டீங்களே!”

அண்ணா, நேராகவே கேட்கிறேன். அவனைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

வெர்டெல்

*

மில்வாக்கி
டிசம்பர் 17, 1988

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கை விரல்கள் குளிரில் மடங்குவதில்லை. மற்றபடி நலம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

இங்கே பனி முட்டிவரை. வாசற்படியைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் பாதி மறுபடி மூடிவிடுகிறது. பக்கத்து வீட்டுப் போலந்துக்காரக் கிழவிக்கும் சேர்த்து வாரிப் போட்டாயிற்று. அவள் கேக் கொண்டுவந்து கொடுத்தாள், கல்லைப் போல இருந்தது. இன்னும் ஒரு அடி விழும் என்று ரேடியோவில் காலையில் சொன்னார்கள். கடையில் கீரை கிடைக்கவில்லை. சோளமாவு கிடைத்தது. நம் ஊர் மாதிரி சர்க்கரை போடாத சோள ரொட்டி ரொம்ப நாளைக்குப் பிறகு சாப்பிட்டேன். நன்றாயிருந்தது.

நாலு பவுண்டு எடை கூடியிருக்கிறேன் என்று டாக்டர் எழுதிக் காட்டினார்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அந்தப் பெண்ணின் அம்மாவுக்காக ஜெபிக்கிறேன்.

ஹோசியா

*

மார்லோ
டிசம்பர் 29, 1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். எடை கூடியதில் சந்தோஷம்.

உங்களுக்குக் காது போய் ஒன்பது வருடம் ஆகிறது. ரேடியோவில் சொன்னதை உங்களுக்கு யார் சொன்னார்கள்? அண்ணி இருக்கும்போதுகூட உங்கள் வீட்டில் சோள ரொட்டி சுட்டதில்லை. லான்சோ சுடுவான்.

உங்கள் கடிதத்தை நான் திரும்பப் படித்த நேரத்தில் உங்கள் ஊர்ப் போலீசுக்குப் போன் செய்திருக்க முடியும். வாரண்ட் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வேறு யாராவதாக இருந்தால் அன்று மாலைக்குள் அவன் காவலில் இருந்திருப்பான். உங்கள் மாநிலத்தில் நான் அவன் மேல் கை வைக்க முடியாது, உண்மைதான். போலீஸ் வைக்கலாம்.

அவன் விலங்கு மாட்டிக்கொண்டு வருவதைவிடத் தன் காலால் நடந்து வரட்டும் என்று ஆசைப்படுகிறேன். தானாக வந்தவனை ஜட்ஜ் வேறு மாதிரிப் பார்ப்பார். மிசஸ் ஸ்பைவியும் வேறு மாதிரிப் பார்ப்பாள். பிப்ரவரி முதல் தேதி, கோர்ட் மூடும் நேரம் வரை காத்திருக்கிறேன். அதுவரை யாரிடமும் வாயைத் திறக்க மாட்டேன். இதை நான் வேறு யாருக்கும் செய்ததில்லை. செய்யக்கூடாது என்றும் எனக்குத் தெரியும். எந்த பஸ்ஸில் வருகிறான் என்று மட்டும் எழுதுங்கள், பஸ் மாறுகிற மெம்பிஸுக்கே வந்து நிற்கிறேன். போகும் வழியில் சாப்பிட வைக்கிறேன். கூடவே நடந்து உள்ளே வருகிறேன்.

இந்தப் பக்கத்தை அவனிடம் கொடுங்கள்.

லான்சோ, அந்த அம்மா இன்னமும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து முன்வரிசையில் உட்காருகிறாள். உன் பெயரை வாசிக்க மாட்டார்கள் என்று சொன்ன பிறகும் வருகிறாள். வா, தம்பி.

வெர்டெல்

*

மில்வாக்கி
ஜனவரி 14, 1989

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நீயும் நலமாயிருக்க வேண்டும். புத்தாண்டு வாழ்த்துகள்.

இந்த வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். யார் வந்து பார்த்தாலும் நான் மட்டும்தான் இருப்பேன்.

ஹோசியா

*

மார்லோ
பிப்ரவரி 2, 1989

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்று மாலை ஐந்து மணிவரை ஆபீஸில் இருந்தேன். பஸ் நிலையத்தில் சொல்லி வைத்திருந்தேன். காலை வண்டியிலும் வரவில்லை, மதிய வண்டியிலும் வரவில்லை.

உங்கள் கடிதத்தைப் பத்து முறை படித்தேன். அதில் பொய் இல்லை என்று தெரிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. அவன் உங்களிடம் இல்லையென்றால் இந்தக் குளிரில் எங்கே இருக்கிறான்?

இன்று காலை உங்கள் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் வந்தால் கோபப்படாதீர்கள். காது கேட்காது என்று சொல்லியிருக்கிறேன். கதவைத் தட்டாமல் மணியை அழுத்தச் சொன்னேன், உள்ளே விளக்கு மினுங்கும் என்று. அவன் எங்கே போனான் என்று உங்களுக்குத் தெரிந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். என்மேல் இருக்கிற கோபத்தில் மறைக்காதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெர்டெல்

*

மில்வாக்கி
மார்ச் 3, 1989

வெர்டெலுக்கு,

பிப்ரவரி ஆறாம் தேதி காலையில் விளக்கு மினுங்கியது. இரண்டு போலீஸ்காரர்கள். நீ அனுப்பியவர்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவர்கள் வீட்டைத் தேடவில்லை. ஒருவர் சின்ன நோட்டில் எழுதிக் காட்டினார்: ‘இந்த எண் வண்டி உங்களுடையதா?’

என்னுடையதுதான். வடக்கே இருநூறு மைல் தள்ளி, மூடிக் கிடக்கிற ஒரு பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் நின்றிருந்தது. லான்சோ உள்ளே இருந்தான். குளிருக்கு இஞ்சினை ஓடவிட்டுப் பின்சீட்டில் படுத்திருக்கிறான். பனி விழுந்து புகைக்குழாயை அடைத்துவிட்டது. புகை உள்ளே வந்திருக்கிறது. தூக்கத்திலேயே போயிருப்பான், வலித்திருக்காது என்று எழுதிக் காட்டினார்கள். மூன்றாம் தேதியோ நான்காம் தேதியோ.

வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று கேட்டேன். தெற்கே திரும்பியிருந்தானா என்று. அவர் என்னைப் பார்த்துவிட்டு எழுதினார்: ‘நிறுத்தி வைத்திருந்த வண்டி, ஐயா. சொல்ல முடியாது.’

உன் அண்ணிக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் அவனைப் புதைத்துவிட்டேன். எனக்கென்று வாங்கி வைத்த இடம். முன்கூட்டியே உனக்கு எழுதவில்லை. அந்தக் குழியின் ஓரத்தில் நீ நிற்பதைப் பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது.

இதோடு மரணச் சான்றிதழை வைத்திருக்கிறேன், முத்திரையுடன். உன் கோர்ட்டுக்கு வேண்டுமே. இனி உனக்கு நஷ்டம் இல்லை.

ஹோசியா

*

மார்லோ
ஏப்ரல் 18, 1989

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நலமா?

உங்கள் கடிதம் வந்த அன்று ஆபீஸை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த திங்கள் கையெழுத்துப் போட வந்தவர்கள் வாசலில் காத்திருந்ததால் திறந்தேன். எல்லாரும் வழக்கம்போல வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் மட்டும் ஒரு பாத்திரத்தில் கீரை வைத்துவிட்டுப் போனார்.

நேற்று கோர்ட். ஜாமீனில் இருந்தவர் இறந்துபோனால் சான்றிதழைக் காட்டிப் பொறுப்பிலிருந்து விடுவித்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருடத்தில் நான்கு பேருக்குச் செய்திருக்கிறேன். கறுப்பு உடுப்பு போடாமல் எப்போதும் போடுகிற சாம்பல் நிற உடுப்பையே போட்டுக்கொண்டு போனேன்.

“ஜாமீன்தாரர் வந்திருக்காங்களா?” என்றார் ஜட்ஜ்.

“வந்திருக்கேன், ஐயா.”

சான்றிதழை வாங்கிப் பார்த்தார். ஊருக்கே தெரிந்ததுதான், ஆனாலும் பதிவுக்காகக் கேட்டார்: “இறந்தவர் உங்களுக்கு என்ன வேணும்?”

“எங்கிட்ட ஜாமீன்ல இருந்தவர்” என்றேன். எழுத்தர் தட்டச்சு செய்தாள். பிறகு, “எந் தம்பி” என்றேன். அதையும் செய்தாள்.

“ஜாமீன்தாரர் விடுவிக்கப்படுகிறார்.” அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குப் பின்னால் யாரோ, “தம்பி போனாலும் காசு தப்பிச்சுது பாத்தியா” என்றது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

மிசஸ் ஸ்பைவி முன்வரிசையில் இருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நான் கூட்டி வருவேன் என்று சொன்னவள். நான் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தேன்.

“இன்னும் ஏதாவது இருக்கா, மிசஸ் மேபரி?” என்று ஜட்ஜ் என்னைக் கேட்டார்.

“ஒரு நிமிஷம் பேசணும், ஐயா. இவங்க எழுதிக்கணும்.”

“இனி இங்க வழக்கே இல்லம்மா. செத்தவங்க மேல வழக்கு நிக்காது.”

“தெரியும், ஐயா. ஒரே நிமிஷம்.”

அவர் எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார். நான் சொன்னேன்: “போன வருஷம் ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி, எந் தம்பி அலான்சோ டாலிவர் குடிச்சுட்டு வண்டி ஓட்டி, ரோட்டோரமா நடந்து போன ராஸ்லின் ஸ்பைவியைக் கொன்னுட்டான். அவ மேல ஒரு தப்பும் இல்ல. இதை இங்க நின்னு அவன் வாயால சொல்லியிருக்கணும். அவனை நிறுத்துறது எம் பொறுப்பு. அவன் இருக்கிற எடம் தெரிஞ்சும் அஞ்சு வாரம் சும்மா இருந்தேன். வேற ஆளா இருந்தா இருந்திருக்க மாட்டேன். என் வேலையை நான் செய்யலை. செஞ்சிருந்தா அவன் உசிரோட இங்க நின்னிருப்பான்.”

ஜட்ஜ் எழுந்து உள்ளே போய்விட்டார். மிசஸ் ஸ்பைவி கைப்பையை எடுத்துக்கொண்டு மெல்ல வந்து என் முன்னால் நின்றாள். அவள் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேனோ என்னவோ.

“ராஸ்லின் மே” என்றாள். “ராஸ்லின் மே ஸ்பைவி. நடுப்பேரை விட்டுட்டீங்க.”

நான் எழுத்தரிடம் திரும்பினேன். இயந்திரத்தை மூடிக்கொண்டிருந்தவள் மறுபடி திறந்து சேர்த்துக்கொண்டாள். மிசஸ் ஸ்பைவி அவள் தோளுக்குப் பின்னால் நின்று, எழுத்து சரியா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

இன்று காலைப் பத்திரிகையில் வந்திருக்கிறது: உரிமத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஜாமீன்காரி போட்ட நாடகம் என்று. உரிம அதிகாரிகள் விளக்கம் கேட்பார்கள். நடந்ததை எழுதிக் கொடுப்பேன்.

அவனுக்கு என்ன உடுப்பு போட்டீர்கள் என்று மட்டும் தெரிய வேண்டும்.

வெர்டெல்

*

மில்வாக்கி
மே 30, 1989

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம் என்று எழுதினால் பொய். இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

என்னுடைய நீலநிறக் கோட்டும் கால்சட்டையும் போட்டேன். தோள் சற்றுப் பெரிதாக இருந்தது.

கோர்ட்டில் நீ சொன்னதைப் படித்த பிறகு பலமுறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உன் வேலையை நீ செய்யாததால் அவன் போனான் என்று சொல்லியிருக்கிறாய். ஊர் முன்னால் அதை நீ சுமந்துகொண்டு நிற்கும்போது நான் இங்கே வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். முடியவில்லை.

நவம்பரில் அவன் என் வாசலில் வந்து நின்றபோது, அந்தம்மாவின் முகத்தைப் பார்த்து நிற்கக் கால் வரவில்லை என்று சொல்லி அழுதான். இரண்டு மாதம் இருந்தான். ஒரு சொட்டு குடிக்கவில்லை. பனி வாரினான், சமைத்தான், ரேடியோவில் கேட்டதையெல்லாம் எனக்குத் தாளில் எழுதிக் காட்டினான். உன் கடிதம் வந்தது. அவனுக்கு எழுதிய பக்கத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு அவன் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். நான் அவன் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை தவறவில்லை.

“நான் ஊருக்குப் போறேண்ணா. அக்கா பிப்ரவரின்னா பிப்ரவரிதான். அதுவரைக்கும் யாரையும் அனுப்ப மாட்டா. அந்த அம்மா முன்னாடி நின்னு சொல்லிடுறேன். சொல்லிட்டா தூக்கமாவது வரும்.”

நான்தான் சிரித்தேன், வெர்டெல். “முட்டாள்! அவ உன் அக்கா இல்லடா இப்ப, ஜாமீன்காரி. தேதி சொல்றதே உன்னை எடத்தை விட்டு நகரவிடாம வைக்கத்தான். இந்நேரம் போலீஸ் கிளம்பியிருக்கும்” என்றேன். அப்பா கதையைச் சொன்னேன். அவன் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தான். “அக்கா அப்படி இல்லண்ணா” என்றான். வண்டிச் சாவியை அவன் கையில் வைத்தேன். திருப்பிக் கொடுத்தான். மறுபடி வைத்தேன். மறுபடி கொடுத்தான். மூன்றாம் முறை அவன் விரல்களை நானே மடக்கிவிட்டு, வடக்கே எல்லை தாண்டிப் போய்விடு என்று வாசல்வரை தள்ளிக்கொண்டு போனேன். என் சொல்லை மீறி அவனுக்குப் பழக்கமில்லை.

அதற்குப் பிறகுதான் உனக்கு ஜனவரியில் எழுதினேன், நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று. அந்த மூன்று வாரம் அவன் எங்கே சுற்றினான் என்று எனக்கும் தெரியாது.

போலீஸ் பிப்ரவரி ஆறாம் தேதிதான் வந்தது. அதுவும் உன்னால் இல்லை. நீ சொன்ன தேதிவரை காத்திருந்தாய். அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

பதில் எழுத வேண்டும் என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

ஹோசியா

*

மார்லோ
அக்டோபர் 8, 1989

ஹோசியா அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. எழுதாமல் இருந்தேன். எழுதியிருந்தால் திரும்ப எடுக்க முடியாததை எழுதியிருப்பேன்.

உரிமத்தை ரத்து செய்யவில்லை. ஆறு மாதம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆபீஸைப் பெருக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வாய்தாவுக்குப் போக வண்டி இல்லாதவர்களைக் கொண்டுபோய் விடுகிறேன், அதற்கு உரிமம் வேண்டியதில்லை.

நவம்பரில் வருகிறேன், பனி விழுவதற்கு முன்பு. உங்கள் வீட்டில் தங்க மாட்டேன். கல்லறையின் வரிசையும் எண்ணும் எழுதி அனுப்புங்கள். கல்லில் பெயர் வெட்டியாயிற்றா? இல்லையென்றால் நான் வரும்வரை வெட்டக் கொடுக்காதீர்கள். என்ன எழுதுவது என்று இரண்டு பேரும் அங்கே நின்று முடிவு செய்யலாம்.

கதகதப்பாக உடுத்திக்கொள்ளுங்கள்.

வெர்டெல்